இரண்டு வீடு, ஒரே பருவமழை

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். "ஐப்பசி பிறந்துவிட்டால் இங்கே எனக்குத் தூக்கம் வருவதில்லை அக்கா. சிங்கப்பூரில் புயலும் இல்லை, பூகம்பமும் இல்லை, எனக்கு ஒன்றும் ஆகாது. ஊரில்தான் பயம். பணம் அனுப்புவதைத் தவிர இங்கிருந்து நான் என்ன செய்ய முடியும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேதாரண்யத்துக்குத் தெற்கே ஓட்டு வீடு. இன்சுலின் போட்டுக்கொள்ளும் அப்பா, அம்மா, மனைவி, மூன்று வயது மகள். ஒரு பசு, சில ஆடுகள், வீட்டைச் சுற்றித் தென்னை. இங்கே டன்லப் ஸ்திரீட்டில் கடைவீட்டு மாடியில் ஆறு பேர் தங்கும் இடத்தில் ஒரு கட்டில். இந்த இரண்டு வீட்டையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் பதில் எழுதுகிறேன்.

நிறையச் செய்ய முடியும் தம்பி. பணம் அனுப்புவது அதில் சிறு பங்குதான். புயல் அடித்து ஓய்ந்த பிறகு அனுப்பும் ஆயிரம் வெள்ளி செய்யாததை, ஒரு மாதம் முன்னதாகவே வீட்டாரோடு பேசி முடிவுசெய்துவைக்கும் நாலு காரியம் செய்யும். யார் யாரை அழைத்துக்கொண்டு எங்கே போவது, எப்போது கிளம்புவது, எதை எடுப்பது, எதை விடுவது. இவை முன்கூட்டியே தீர்மானமாகியிருக்க வேண்டும். காற்று வந்த பிறகு தீர்மானிக்க உட்கார்ந்தால் வீட்டில் ஆளுக்கொரு பேச்சு வரும். அப்பா வீட்டை விட்டு வர மாட்டேன் என்பார். அம்மா பசுவை விட்டு வர மாட்டேன் என்பார். உங்கள் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு பேருக்கும் நடுவில் நிற்பார்.

உங்கள் ஊரை அடித்த கஜா புயல் எங்கே பிறந்தது தெரியுமா? வங்காள விரிகுடாவில் இல்லை. 2018 நவம்பர் முதல் வாரத்தில் தாய்லாந்து வளைகுடாவில் ஒரு காற்றழுத்தத் தாழ்வாகத் தொடங்கி, மலாய்த் தீபகற்பத்தைத் தாண்டி, அந்தமான் கடலில் இறங்கி, அங்கே வலுத்து, அதன்பிறகுதான் நாகப்பட்டினத்தை நோக்கித் திரும்பியது. நீங்கள் இங்கே குடை பிடித்து நடக்கிற மழைக்கும் உங்கள் அம்மா அங்கே அண்ணாந்து பார்க்கிற மேகத்துக்கும் உறவு உண்டு. வடகிழக்குப் பருவக்காற்று ஐப்பசி, கார்த்திகையில் காவிரி டெல்டாவை நனைத்துவிட்டு, டிசம்பர், ஜனவரியில் சிங்கப்பூரை நனைக்கிறது. உங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே பருவமழைதான்.

அந்த நவம்பர் 16ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையேறத் தொடங்கியபோது அங்கே நள்ளிரவு தாண்டி 12.30 மணி. இங்கே விடியற்காலை 3 மணி. நீங்கள் அப்போது துவாஸில் விடுதியில் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். காலையில் எழுந்து கூப்பிட்டபோது போன் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தேக்காவில் இருந்தேன். வழக்கமாகச் சிரிப்பும் கூச்சலுமாக இருக்கும் சிராங்கூன் சாலை ஓரத்தில் ஆண்கள் கும்பல் கும்பலாகக் கைபேசியைப் பார்த்தபடி நின்றார்கள். பணம் அனுப்பும் கடையில் வரிசை நீளமாக இருந்தது. ஆனால் யாருக்கு அனுப்பி என்ன பயன் என்று அந்த வரிசையில் நின்றவர்களுக்கே தெரிந்திருக்கவில்லை. மின்சாரம் இல்லாத ஊரில் ஏடிஎம் ஏது? பட்டுக்கோட்டைக்காரர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "உயிரோட இருக்காங்களான்னு மட்டும் தெரிஞ்சா போதும்க்கா, மத்ததெல்லாம் அப்புறம்."

அந்தப் புயலில் அரசு ஒன்றும் செய்யாமல் இருந்துவிடவில்லை. கரையைத் தொடுவதற்கு முன்பே 80,000 பேருக்கு மேல் முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அதனால் உயிர்ச் சேதம் குறைந்தது. அப்படியும் உயிர்கள் போயின, பெரும்பாலும் சுவர் இடிந்தும் மரம் விழுந்தும். 1977 நவம்பரில் அதே நாகைக் கரையில் அடித்த புயலில் நூற்றுக்கணக்கானோர் மாண்டதை உங்கள் அப்பா நினைவு வைத்திருப்பார், கேட்டுப் பாருங்கள். எச்சரிக்கை விஷயத்தில் நாம் எவ்வளவோ முன்னேறியிருக்கிறோம். முன்னேறாமல் கிடப்பது எச்சரிக்கை வந்ததற்கும் வாசலைத் தாண்டுவதற்கும் இடையில் வீட்டுக்குள் நடக்கிற காரியம். அதை எந்த ஆட்சியரும் செய்து தர முடியாது.

ஆகவே முதலில் கிளம்பும் நேரம். நாகைத் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிய செய்தி வந்ததும் மூட்டை கட்டிவிட வேண்டும். பள்ளிக்கூடத்திலோ புயல் பாதுகாப்பு மையத்திலோ முகாம் திறந்ததாகத் தண்டோரா வந்தால், அன்று பகல் வெளிச்சத்திலேயே போய்விட வேண்டும். இருட்டிய பிறகு போவதாக இருந்தால் போகவே முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டு வீடு காற்றுக்குத் தாங்காது. ஓடு ஒன்று கிளம்பினால் அந்த ஓட்டை வழியாகக் காற்று உள்ளே புகுந்து மற்ற ஓடுகளை உள்ளிருந்து தள்ளும். தெருவில் தளம் போட்ட வீடு யாருடையது? அவர்களோடு உங்கள் வீட்டுக்குப் பேச்சுவார்த்தை உண்டா? இல்லையென்றால் இப்போதே உண்டாக்குங்கள். வரப்புத் தகராறு இருந்தாலும் சரி, கோவில் திருவிழாவில் வந்த மனத்தாங்கல் இருந்தாலும் சரி, நீங்களே அந்த வீட்டுப் பெரியவருக்குப் போன் செய்து, "புயல் வந்தால் எங்க வீட்டுல நாலு பேரும் உங்க வீட்டுக்கு வருவாங்க, ஒரு மூலை கொடுங்க" என்று கேளுங்கள். டெல்டாவில் இதற்கு இல்லை என்று சொல்கிற வீடு இருக்காது. கேட்டுவைப்பதில்தான் இருக்கிறது. கேட்காமல் நள்ளிரவில் கதவைத் தட்ட உங்கள் அப்பாவுக்குத் தன்மானம் இடம் கொடுக்காது.

மாட்டை அவிழ்த்துவிட வேண்டும். இதை அம்மாவிடம் நீங்கள்தான் சொல்லவேண்டும், மருமகள் சொன்னால் எடுபடாது. கட்டுத்தறியில் கட்டிய மாடு, கொட்டகை சாய்ந்தால் தப்ப வழியில்லாமல் அங்கேயே சாகும். அவிழ்த்துவிட்ட மாடு மேட்டைத் தேடிப் போய் நிற்கும். சின்டெக்ஸ் தொட்டியை முந்தின நாளே நிரப்பச் சொல்லுங்கள். நிரம்பிய தொட்டி நிற்கும், வெற்றுத் தொட்டி பறக்கும். அந்தத் தண்ணீர்தான் பிறகு வீட்டைக் காப்பாற்றும். கஜாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. மின்சாரம் இல்லாவிட்டால் மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடாவிட்டால் ஊர்ப் பொதுத் தொட்டியில் தண்ணீர் ஏறாது. மழையில் மிதக்கிற ஊரில் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் போனது இப்படித்தான். ஊரில் அடிபம்பு இன்னும் ஏதாவது வேலை செய்கிறதா என்று விசாரியுங்கள். வாஷர் தேய்ந்து சும்மா நிற்கும் பம்பைச் சரிசெய்ய ஆகும் செலவை, வெளிநாட்டில் இருக்கும் உங்கள் ஊர்ப் பிள்ளைகள் நாலு பேர் பகிர்ந்துகொண்டால் தலைக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுதான் வரும்.

அப்பாவின் இன்சுலின். கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய இந்த வரிதான் என்னை அதிகம் கவலைப்படுத்தியது. வாரக்கணக்கில் குளிர்பெட்டி ஓடாவிட்டால் என்ன செய்வது என்று அவர் பார்க்கும் மருத்துவரிடம் இப்போதே கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலான இன்சுலின் வகைகள் வெயிலும் வெக்கையும் படாமல் இருந்தால் குளிர்பெட்டிக்கு வெளியே சுமார் நான்கு வாரம் தாங்கும். நம் ஊர் வெயிலில் அதற்கு மண்பானைதான் வழி. பெரிய பானைக்குள் சின்னப் பானை, இடையில் ஈர மணல், மேலே ஈரத்துணி. மருந்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு உள்பானையில் வைத்துவிட்டு, நிழலிலும் காற்றோட்டத்திலும் இருக்கும்படி பானையை வைக்க வேண்டும். கிராமத்துச் சுகாதாரச் செவிலியர்கள் பலரும் இதைச் சொல்லிக்கொடுப்பார்கள். அம்மா ஒருமுறை செய்து பார்த்துவிடட்டும். தினமும் எத்தனை அளவு போடுகிறார் என்பதை உங்கள் மனைவி ஒரு தாளில் எழுதி மருந்துப் பையிலேயே வைக்கட்டும். முகாமில் வேறு மருத்துவர் பார்க்க நேர்ந்தால் அந்தத் தாள் பேசும்.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. புயலின் நடுப்பகுதியைக் கண் என்பார்கள். அது ஊர்மீது வரும்போது காற்று சட்டென்று அடங்கிவிடும். மழைகூட நின்றுவிடலாம். புயல் போய்விட்டது என்று நினைத்து, விழுந்த ஓட்டைப் பொறுக்கவும் மாட்டைத் தேடவும் ஆட்கள் வெளியே வருவார்கள். கொஞ்ச நேரத்தில், முன்பு அடித்ததற்கு நேர் எதிர்த்திசையிலிருந்து காற்று திரும்ப வரும். முதல் காற்றில் சாய்ந்து நின்ற சுவரும் வேர் ஆடிப்போன தென்னையும் இரண்டாம் காற்றில்தான் விழும். கஜா இரவில் இரண்டு பக்கமிருந்தும் அடித்ததை உங்கள் ஊரில் எல்லோரும் கண்டார்கள். ஆனால் அது ஏன் என்று உங்கள் மனைவிக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா? சொல்லிவையுங்கள். வானொலியோ அதிகாரியோ முடிந்தது என்று சொல்லும்வரை கதவைத் திறக்கக் கூடாது.

தென்னையைப் பற்றி எழுதாமல் விட முடியாது, ஏனென்றால் நீங்கள் இங்கே வந்த கடனே அதை நம்பி வாங்கியது என்கிறீர்கள். கஜாவுக்குப் பிறகு விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும் அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் என்று அரசு அறிவித்தது. பத்து வருடம் பிள்ளை மாதிரி வளர்த்த மரத்துக்கு அது ஈடாகுமா என்பது வேறு பேச்சு. கிடைக்க வேண்டியதாவது கிடைக்கவேண்டும் என்றால், உங்கள் கொல்லையில் எத்தனை மரம் நின்றது என்று நீங்கள் காட்ட வேண்டும். ஆகவே இந்த வாரமே உங்கள் மனைவியை மரங்களுக்கு எண் போடச் சொல்லுங்கள். சுண்ணாம்பு போதும். எண் தெரியும்படி கைபேசியில் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பட்டும், கூடவே பட்டா, சிட்டா, ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் படம் எடுக்கட்டும். எல்லாம் உங்கள் கைபேசியில் இங்கே பத்திரமாக இருக்கும். கடல் கடந்து இருப்பதில் இந்த ஒரு வசதி உண்டு, அங்கே எது நனைந்தாலும் இங்கே ஒரு பிரதி நனையாமல் இருக்கும். புயல் அறிவிப்பு வந்ததும் முற்றிய காய்களை இறக்கி, தாழ்ந்த மட்டைகளை வெட்டிவிட்டால் மரத்தின் தலைப்பாரம் குறையும், காற்றுப் பிடிப்பது குறையும். எல்லா மரமும் தப்பாது. சில தப்பும்.

தொடர்பு அறுந்துபோகும் என்று உறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். கைபேசிக் கோபுரங்களின் ஜெனரேட்டரில் டீசல் தீரும்வரைதான் போன். அதனால் திருச்சியிலோ மதுரையிலோ, கடற்கரைக்குத் தொலைவில் இருக்கும் உறவினர் ஒருவரை நடுவாளாக வையுங்கள். வீட்டில் யாருக்கு எப்போது ஒரு நிமிடம் இணைப்பு கிடைத்தாலும் அவருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பவேண்டும், நீங்களும் அவரையே கேட்கவேண்டும். ஆறு பேர் ஆறு பேரைக் கூப்பிட்டுப் பாட்டரியைத் தீர்க்கவேண்டாம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநிலத்துக்கு 1070. இரண்டையும் அரிசிப் பானைக்கு மேலே சுவரில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். சில்லறை நோட்டாக ஒரு சிறு தொகை பிளாஸ்டிக் உறையில் இருக்கட்டும்.

இனி சிங்கப்பூரில் இருக்கும் இந்த வீட்டுக்கு வருகிறேன். "எனக்கு ஒன்றும் ஆகாது" என்று எழுதினீர்களே, அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

சிங்கப்பூருக்குப் புயல் வராது என்பது பாதி உண்மை. 2001 டிசம்பர் 27 அன்று வாமெய் என்ற புயல் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகே உருவாகி, இங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர் வடகிழக்கே ஜோகூரில் கரையேறியது. அந்த இடத்தில் புயல் உருவாகவே முடியாது என்று அதுவரை புத்தகங்கள் சொல்லிவந்தன. 2025 நவம்பரில் மலாக்கா நீரிணையிலேயே சென்யார் புயல் உருவாகி, நமக்கு எதிர்க்கரையில் இருக்கும் சுமத்ராவை வெள்ளத்தில் மூழ்கடித்தது. சுமத்ராவின் நிலநடுக்கங்களும் இங்கே வந்து தொட்டுவிட்டுத்தான் போகின்றன. 2009 செப்டம்பரில் அங்கே பாடாங் நகரம் குலுங்கியபோது இங்கே மாடிவீடுகளில் இருந்தவர்கள் படியிறங்கி ஓடினார்கள்.

வெள்ளம் இந்த ஊருக்குப் பழையது. நீங்கள் இருக்கும் வட்டாரமே ஒரு காலத்தில் ரோச்சோர் ஆற்றங்கரைச் சதுப்பு. புல்லும் நீரும் இருந்ததால்தான் மாட்டு வியாபாரம் இங்கே வேரூன்றியது, பஃபலோ ரோடு என்று பெயரும் நின்றது. அந்தக் காலத்தில் கடல் ஏற்றமும் கனமழையும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் ரோச்சோர் கால்வாய் வாங்காது, ஜாலான் புசார் பக்கமெல்லாம் நீர் நிற்கும். 1978 டிசம்பர் 2, 3 தேதிகளில் 24 மணி நேரத்தில் 512.4 மில்லிமீட்டர் கொட்டியது. ஏழு பேர் இறந்தார்கள், ஆயிரம் பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டார்கள். அப்போது நாங்கள் பொத்தோங் பாசிர் பக்கம் ஒரு கம்பத்தில், அதாவது கிராமத்தில், இருந்தோம், நான் சிறு பெண். தண்ணீர் வாசற்படி ஏறியதும் என் அம்மா தங்கையைத் தூக்கிக்கொண்டு நேராகப் போனது மேட்டில் இருந்த மலாய்க்கார அம்மா வீட்டுக்குத்தான், அவரை மக்சிக் என்போம். எங்களுக்கு முன்பே ஒரு சீனக் குடும்பம் கோழிக் கூண்டோடு அங்கே வந்திருந்தது. மக்சிக் யாரையும் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. மழைக்காலம் வந்தால் மேட்டு வீடு எல்லோருக்கும் என்பது அந்தக் கம்பத்தில் முன்னமே பேசி முடித்த காரியம். அரிசி அவர் வீட்டில், கருவாடு எங்கள் வீட்டில், மண்ணெண்ணெய் அடுப்பு சீனர் வீட்டில் என்று எது எங்கிருந்து வரும் என்பதுகூட அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

அதன்பிறகு அரசு கால்வாய்களை ஆழப்படுத்தியது, புதிதாக வெட்டியது, 2008இல் மரினா அணைக்கட்டைத் திறந்தது. கடல் ஏற்றத்தின்போது அதன் ராட்சத பம்புகள் மழைநீரை இறைத்து வெளியே தள்ளுகின்றன. 1970களில் 3,200 ஹெக்டேராக இருந்த வெள்ளம் புகும் நிலம் இன்று 30 ஹெக்டேருக்கும் குறைவு. இதைச் சாதித்தவர்களை நான் மனதாரப் போற்றுகிறேன். அதே நேரத்தில் ஒரு தலைமுறை, தண்ணீர் வந்தால் யார் வீட்டுக்குப் போவது என்பதை மறந்துவிட்டது. 2018 செப்டம்பர் 18 அன்று இங்கே நள்ளிரவு தாண்டி மின்சாரம் போனபோது 38 நிமிடத்தில் எல்லா இடத்திலும் திரும்ப வந்துவிட்டது. இரண்டு மாதம் கழித்துக் கஜாவில் உங்கள் வீட்டில் எத்தனை நாள் இருட்டு? 38 நிமிடத்துக்கே இங்கே மெழுகுவத்தி தேடியவர்கள் உண்டு. 2010 ஜூனில் ஆர்ச்சர்ட் ரோடு கடைகளுக்குள் தண்ணீர் புகுந்ததையும், 2025 ஜனவரியில் சாங்கியில் ஒரு மாதத்து மழை இரண்டே நாளில் பெய்ததையும் பார்த்தோம். 2100க்குள் இங்கே கடல் மட்டம் 1.15 மீட்டர்வரை உயரலாம் என்பது அரசின் ஆய்வாளர்கள் சொல்லும் கணக்கு, தீவில் சுமார் மூன்றில் ஒரு பங்கு நிலம் கடல் மட்டத்துக்கு மேலே 5 மீட்டருக்குள் இருக்கிறது. 2024 முதல் ஆண்டுதோறும் பிப்ரவரியில் முழுமைத் தற்காப்புப் பயிற்சி என்று மின்தடை, உணவுத் தட்டுப்பாடு எல்லாவற்றையும் ஒத்திகை பார்ப்பது இத்தகைய நெருக்கடிகளை மனத்தில் வைத்துத்தான்.

இவையெல்லாம் இருந்தாலும், உங்கள் கடைவீட்டில் நான் அஞ்சுவது தண்ணீருக்கு அல்ல, தீக்கு. டன்லப் ஸ்திரீட் வீடுகள் எனக்குத் தெரியும். முன்பக்கம் குறுகல், உள்ளே நீளம், பல வீடுகளில் மரப்படி, அதுவும் ஒன்றே ஒன்று. 2014 டிசம்பரில் கேலாங்கில் தடுப்புச் சுவர்களால் அறை அறையாகப் பிரித்த ஒரு கடைவீட்டில் தீப்பிடித்து மலேசியத் தொழிலாளர்கள் நான்கு பேர் இறந்தார்கள். கீழே தீப்பிடித்தால் புகைக்கு அந்தப் படிக்கட்டே புகைபோக்கி. உங்கள் படிக்கட்டில் சைக்கிளும் அரிசி மூட்டையும் காலணி அலமாரியும் இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இன்று இரவே அவற்றை எடுத்துவிடுங்கள். பின்பக்கக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது? வீட்டுக்காரரிடம் என்றால் இன்னொன்று செய்யச் சொல்லி, கதவுக்குப் பக்கத்திலேயே ஆணியில் தொங்கவிடுங்கள். மின்சைக்கிள் பாட்டரியை வாசலை மறித்தோ, எல்லோரும் தூங்கும் நேரத்திலோ சார்ஜ் போட வேண்டாம். அது வெடித்துத் தீப்பிடிக்க ஒரு நிமிடம்கூட வேண்டாம். தீபாவளிக்கு முறுக்கு சுடுவீர்கள். எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள், கேஸை மூடிவிட்டு வாணலியின்மேல் தட்டைக் கவிழ்த்துவிடுங்கள். இரவு வேலை முடிந்து பகலில் தூங்குகிறவர் யார் என்று மற்ற ஐந்து பேருக்கும் தெரியவேண்டும், அவரை எழுப்புவது யார் என்றும். வெளியே வந்ததும் எல்லோரும் அப்துல் கபூர் பள்ளிவாசல் முன்னால் கூடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். தலையை எண்ணிப் பார்க்க ஓர் இடம் வேண்டும், இல்லாவிட்டால் வெளியே வந்துவிட்டவரைத் தேடி ஒருவர் திரும்ப உள்ளே போவார்.

தீயணைப்புக்கு 995ஐ அழைத்தால் முதலில் கேட்பது முகவரி. உங்கள் கட்டடத்தின் ஆறு இலக்க அஞ்சல் எண்ணை ஆறு பேரும் மனப்பாடம் செய்யுங்கள். இந்த ஊரில் அந்த எண் ஒன்றைச் சொன்னாலே கட்டடம் தெரிந்துவிடும். ஆங்கிலம் வராதவர்கூடச் சொல்லலாம்.

எங்களைப் போல வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் இருப்பவர்களில், 1990களின் பிற்பகுதிக்குப் பிறகு கட்டிய வீடு என்றால் இரும்புக் கதவு வைத்த பாதுகாப்பறை ஒன்று இருக்கும். பெரும்பாலோருக்கு அது வெங்காய மூட்டை வைக்கும் இடம். உங்களுக்கு அது இல்லை. ஆனால் ஊருக்கெல்லாம் ஊதும் எச்சரிக்கைச் சங்கு உங்களுக்கும் கேட்கும். பிப்ரவரி 15, செப்டம்பர் 15 தேதிகளில் ஊதுவது சோதனைக்கு. வேறு நாளில் ஊதினால் ஒலி 96.8 வானொலியைப் போட்டுக் கேளுங்கள், தமிழில் சொல்வார்கள்.

2025 ஏப்ரல் 8 அன்று ரிவர் வேலி சாலையில் ஒரு கடைவீடு எரிந்தபோது, பிள்ளைகள் மூன்றாம் மாடி விளிம்பில் வந்து நின்றார்கள். எதிரே கட்டட வேலையில் இருந்த இந்திய, பங்களாதேஷ் தொழிலாளர்கள் சாரக்கட்டையும் ஏணியையும் தூக்கிக்கொண்டு ஓடி, தீயணைப்பு வண்டி வருமுன் பல பிள்ளைகளை இறக்கினார்கள். பத்து வயதுச் சிறுமி ஒருத்தியைக் காப்பாற்ற முடியவில்லை. அதே ஆண்டு ஜூலை 26 அன்று தஞ்சோங் காத்தோங் சாலையில் நிலம் உள்வாங்கிக் கார் ஒன்று குழிக்குள் போனது. பக்கத்து வேலைத்தளத்தில் இருந்த மேற்பார்வையாளர், நம் தமிழ்நாட்டுக்காரர், நைலான் கயிற்றை எடுத்துப்போட்டு, கூட இருந்தவர்களோடு சேர்ந்து, ஓட்டிவந்த பெண்ணைச் சில நிமிடங்களில் வெளியே இழுத்தார். கயிறு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், கூட யார் இழுப்பார்கள் என்றும் தெரியும். உங்களை இந்த ஊரில் தற்காலிகமாகத் தங்கும் ஆள் என்று நினைக்கிறீர்கள் நீங்கள். ஆபத்து நேரத்தில் பக்கத்தில் நிற்பவர் நீங்கள்தான் என்றால், நீங்கள்தான் அந்த இடத்துக்கு முதல் ஆள். உயிர்காக்கும் முதலுதவி கற்றுக்கொள்ள நிரந்தரவாசியாக இருக்கவேண்டியதில்லை.

ஆக, இந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கமான வீடியோ அழைப்பில் மகளைக் கொஞ்சியபிறகு போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி மாட்டுப் பேச்சை எடுங்கள். அதுதான் கடினமானது, அதை முதலில் முடித்துவிடுங்கள். தளம் போட்ட வீட்டுக்காரரோடு பேசியதும், இன்சுலின் பற்றி மருத்துவர் என்ன சொன்னார் என்று தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள். உங்கள் அறையில் திருத்துறைப்பூண்டிக்காரரும் பேராவூரணிக்காரரும் இருப்பதாகச் சொன்னீர்களே, அவர்களுக்கும் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டுங்கள். எங்கள் சமூக மன்றத்தில் இதய இயக்கமீட்பும் தீயணைப்பானைக் கையாள்வதும் சொல்லித்தரும் வகுப்பை ஞாயிறு காலையில் வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், மற்ற நாளில் உங்களுக்கு விடுப்பு கிடைக்காது என்பதால். ஆறு பேரும் வருவதாக இருந்தால் பெயர்களை அனுப்புங்கள், சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா